திங்கட்கிழமைக்கு முந்தைய இரண்டு நாள்

பெங்களூரில் நான் தேய்க்காத தரை குறைவு. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். திருப்பத்தூர் பக்கத்திலிருந்து மாற்று லுங்கி ஒன்றோடு கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் வந்து இறங்கினேன். மொசைக் தரைக்குப் பாலிஷ் போடுகிற மேஸ்திரியிடம் எடுபிடியாகச் சேர்ந்து, பிறகு நானே மெஷின் வாங்கி, ஒன்று ஐந்தாகி, ஜோகுபாளையத்தில் மாடி வைத்து வீடும் கட்டினேன். கல்யாண மண்டபம், கம்ப்யூட்டர் கம்பெனி, நட்சத்திர ஹோட்டல், எங்கே போய் நின்றாலும் காலுக்குக் கீழே என் வேலை இருக்கும். மந்திரிகள் நடந்திருக்கிறார்கள். சினிமாக்காரர்கள் நடந்திருக்கிறார்கள்.

அந்த இரண்டு நாளுக்கு முன்னால் என் மனைவி அங்கெல்லாம் நடந்ததில்லை. வேலை நடக்கும்போது நடந்திருக்கிறாள், முழங்கால் வரை சேற்றுத் தண்ணீரோடு. பளபளப்பு வந்து, கண்ணாடிக் கதவு மாட்டி, வாசலில் காவலாள் நின்ற பிறகு எங்கள் மாதிரி ஆட்களுக்கு உள்ளே என்ன வேலை?

கல்யாணமான புதிதில் அவள்தான் என் மெஷினுக்குத் தண்ணீர் ஊற்றினாள். மெஷின் சுற்றும்போது அதிலிருக்கிற தேய்ப்புக் கல்லுக்கு அடியில் தண்ணீர் போய்க்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் தரை கருகிக் கோடு விழும். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால் எங்களுக்குக் கைதான் பாஷை. உள்ளங்கையைச் சாய்த்தால் தண்ணீர் ஊற்று. முஷ்டியை மடக்கினால் நிறுத்து. ஒற்றை விரலைச் சுற்றினால் ஓடட்டும், நிறுத்தாதே. பத்துப் பன்னிரண்டு வருஷம் அப்படியே வேலை செய்தோம். அந்தச் சத்தத்தில் என் காது மந்தமானது, காது மந்தமானதால் என் பேச்சு பெரிதானது. அவள் பேச்சு சின்னதாகவே இருந்தது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். முதல் வாரத்தில் அவளுக்குத் தூசியால் இருமல் வந்தது. எங்கள் வேலையில் எல்லோரும் செய்வதை நானும் சொல்லிக் கொடுத்தேன். "வாயில கொஞ்சம் பொகையில அடக்கிக்க. எச்சி ஊறும், தூசி தொண்டைக்குள்ள போவாது. பசியும் தெரியாது." என் மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து நானே கொடுத்தேன். எனக்குக் கல்லூரியில் படித்த மருமகன் வந்த பிறகு கூச்சப்பட்டு நான் அதை விட்டுவிட்டேன். அவளால் விட முடியவில்லை.

நாக்கின் இடது ஓரத்தில் ஒரு புண் வந்தது. ஆறாத புண். டாக்டரம்மா பொறுமையாக எடுத்துச் சொன்னார். நாக்கில் பெரும்பகுதியை எடுக்க வேண்டும், திங்கட்கிழமை ஆபரேஷன், அதற்குப் பிறகு பேச்சு இந்த மாதிரி வராது, பயிற்சி கொடுத்தால் சில சத்தங்கள் வரலாம், சாப்பாடும் ருசியும் இனிமேல் வேறு மாதிரிதான். என் மனைவி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். நான்தான் டாக்டரம்மாவிடம், "இந்த ஆஸ்பத்திரி வராந்தா பூரா நான் பாலிஷ் போட்டதுங்க" என்றேன். ஏன் அப்போது அதைச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

கோயமுத்தூரில் இருக்கும் மகள் போன் செய்தாள்.

"நைனா, பசங்க பரீட்சைய முடிச்சிட்டு ஞாயித்துக்கெழம சாயங்காலம் வந்துடறேன். அதுவரைக்கும் ரெண்டு நாள் இருக்குது. அம்மாவ ஊரச் சுத்திக் காட்டு. வாய்க்குப் புடிச்சத வாங்கிக் குடு."

"அதெல்லாம் எனக்குச் சொல்லணுமா?"

"அப்பறம் அம்மா பேசறத போன்ல ரெக்கார்டு பண்ணு. செவப்புப் பொட்டு மாதிரி ஒன்னு வரும், அத அமுக்கினாப் போதும். பசங்களுக்கு ஆயா கொரல் வேணும் நைனா. எனக்கும் வேணும்."

"சரிம்மா."

"இன்னொன்னு. நீ பேசாத. அம்மாவப் பேச வுடு."

"நான் எங்க பேசறேன்?" என்றேன். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று போனை வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் என் மனைவி மாம்பழக் கலர் பட்டுப்புடவை கட்டினாள். நான் வெள்ளை வேட்டி சட்டை. சிவப்புப் பொட்டை அமுக்கி, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நாற்பது வருஷமாக இதே ஊரில் இருக்கிறோம், இரண்டு பேரும் ஊர் பார்க்கக் கிளம்பியது அன்றைக்குத்தான். ஆட்டோக்காரர் கன்னடத்தில், எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். "ஜோகுபாளையம்" என்றேன். கண்ணாடியில் எங்களை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

முதலில் விதான சௌதா. ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். என் மனைவி புடவைத் தலைப்பை நெற்றிக்கு மேல் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"எம்மாம் பெரிய தூணு. யோவ், நெனப்பிருக்குதா? நம்ம கல்யாணம் ஆயி வந்த வருசம் நீயும் நானும் பஸ்ஸுல இந்த வழியா..."

"தூண உடு. அந்தக் கல்லப் பாரு. எல்லாம் இந்த ஊரு கல்லு. மெஷின் இல்லாத காலத்துல கையால கொத்தி நிறுத்தியிருக்கான். நம்மகிட்ட குடுத்திருந்தா இன்னும் பளபளன்னு பண்ணியிருப்பேன்."

"ஆமா" என்றாள்.

கப்பன் பார்க்கில் மூங்கில் நிழலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். பிறகு மெட்ரோ. அவளுக்கு அது முதல் தடவை. நகரும் படிக்கட்டில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இறங்கியதும் நான் ஸ்டேஷன் தரையைக் காட்டி, எங்கே ஓரம் சரியாகத் தேய்க்கவில்லை, எங்கே கல் ஏறி இறங்கியிருக்கிறது என்று விளக்கினேன். எதிரில் வந்த ஒரு பெண் எங்களைச் சுற்றிக்கொண்டு போனாள்.

மகாத்மா காந்தி ரோட்டிலிருந்து ஹோட்டலுக்கு நடந்து போகும் வழியில் ஒரு டிபன் கடை. நின்றுகொண்டே சாப்பிடுகிற கடை. தோசைக்கல்லில் வெண்ணெய் உருகும் வாசனை ரோடு வரைக்கும் வந்தது. என் மனைவி நின்றாள். உயர மேசையைச் சுற்றி ஆட்கள் தட்டை வைத்துக்கொண்டு, மசால் தோசையைக் கிழித்து, ஆவி பறக்க வாயில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இங்கயா? ரோட்டுல நின்னா துன்றது? வா, உன்ன நான் எங்க கூட்டினு போறேன் பாரு" என்றேன்.

அவள் வந்தாள்.

அந்த ஹோட்டல் எங்கள் ஆரம்ப காலத்து வேலை. முன்கூடம் முழுக்க வெள்ளை மார்பிள், நடுவில் கறுப்புக் கிரானைட்டில் ஒரு பெரிய பூ. கறுப்பின் பக்கத்தில் வெள்ளையைத் தேய்ப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. கறுப்புப் பொடி வெள்ளையில் இறங்கினால் போகவே போகாது. இரண்டு மாதம் ஆனது. இந்த ஊரில் அப்போது அதைச் செய்யத் தைரியம் இருந்தவன் நான் ஒருவன்தான்.

உள்ளே போனதும் எனக்குத் தாங்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு அந்தப் பூவின் மேல் நின்றேன். ஒரு மேடு பள்ளம் இல்லை. குனிந்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். கல்லுக்கு அடியில் காலியாக இருந்தால் டொக்கென்று காட்டிக்கொடுக்கும். காட்டவில்லை. கோட்டுப் போட்ட ஆள் ஒருவர் வேகமாக வந்து, "சார், சப்பலி ஹாக்கொள்ளி" என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

"யோவ், எழுந்திரிய்யா. மானம் போவுது. செருப்பப் போட்டுக்கச் சொல்றாரு" என்றாள் மனைவி.

"போட்டுக்கறேன் சார். இந்தத் தரை நான் போட்டது. நான் ஒரே ஆளு. அப்ப நீங்க பொறந்திருக்கவே மாட்டீங்க" என்றேன். அவர் நன்றாகச் சிரித்து, "வெரி நைஸ் சார்" என்றார். என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் சாப்பாட்டுக் கூடம் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு முன்னால் நடந்தேன்.

மேசையில் துணி விரித்திருந்தது. அவர்கள் நீட்டிய சாப்பாட்டுப் பட்டியலைப் படிக்க எனக்கு வராது, அதனால் உங்களிடம் நல்லது எதுவோ அதெல்லாம் கொண்டு வாருங்கள் என்றேன். வந்தது, ஒன்றன்பின் ஒன்றாக. அவள் சூப்பை ஆற வைத்து, வலப்பக்கமாக வாயைச் சாய்த்து, கரண்டி கரண்டியாகக் குடித்தாள். பிறகு தயிர்சாதம் கேட்டாள். குழையப் பிசைந்து நாலு வாய். மீதி எல்லாவற்றையும் நான் சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே அந்தக் கறுப்புப் பூவை எப்படிச் செய்தேன் என்று ஆரம்பத்திலிருந்து சொன்னேன்.

"நல்லா இருக்குதா?" என்று கேட்டேன்.

"ரொம்ப" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை, மறுபடி சிவப்புப் பொட்டை அமுக்கிக்கொண்டு, லால்பாக். கண்ணாடி மாளிகையைச் சுற்றி வந்தோம். ரோஜாப் பாத்தி ஒன்றின் பக்கத்தில் நின்று, "இந்தக் கலரு என் தங்கச்சி கல்யாணத்துல..." என்று ஆரம்பித்தாள். அந்தக் கண்ணாடியை எப்படிக் கழுவுவார்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன், அதைச் சொன்னேன். பிறகு பாறை. கோபுரம் இருக்கிற அந்தப் பெரும்பாறையில் ஏறும்போது எனக்கு மூட்டு பிடித்தது. குனிந்தால் போன் விழுந்துவிடும் என்று அதை அவள் கைப்பையில் போட்டேன். மேலே உட்கார்ந்தால் ஊர் நாலு பக்கமும் தெரியும். அதோ அந்தக் கட்டடம் நம்முடையது, அதற்குப் பின்னால் இருக்கிறதே அதுவும் நம்முடையது என்று விரல் நீட்டிக் காட்டினேன். பிறகு, சுட்ட சோளம் வாங்கி வருகிறேன் என்று இறங்கிப் போனேன். கூட்டம், வர நேரமானது.

சாயங்காலம் மகள் வந்தாள். வாசலிலேயே கேட்டாள். "ரெக்கார்டு பண்ணியா நைனா?"

"ரெண்டு நாளும் முழுசா" என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன்.

கேட்க நேரமில்லை. துணி எடுத்து வைப்பதும், ஆஸ்பத்திரிக் காகிதங்களைத் தேடுவதுமாகப் பொழுது போனது. திங்கட்கிழமை காலை, தள்ளுவண்டியில் கொண்டு போகும்போது அவள் என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை, "மாத்தர போட்டுக்கோ." சர்க்கரை மாத்திரை. நான் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். மூக்கு வழியாகக் குழாய், அதில் கஞ்சித் தண்ணீர். ஆஸ்பத்திரியில், வேண்டியதை எழுதிக் காட்டுவதற்கு ஒரு வெள்ளைப் பலகையும் பேனாவும் கொடுத்திருந்தார்கள். அவள் அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுதத் தெரியாது. மகள் பத்தாவது படிக்கும்போது சிலேட்டு வாங்கி வந்து அம்மாவுக்கு அ, ஆ சொல்லிக் கொடுக்கப் பார்த்தாள். நான்தான் சிரித்தேன். "இவ இன்னா கலெக்டரு ஆவப் போறாளா? எனக்கே மூணாங்கிளாசு. நான் சம்பாரிச்சுப் போடல?" என்றேன். மறுநாள் சிலேட்டு பரண்மேல் போய்விட்டது. பேனாவால் அவள் இப்போது பலகையில் ஒரு வட்டம் போட்டாள். அதற்குள் இன்னொரு வட்டம். பிறகு துணியால் துடைத்துவிட்டு, என்னைப் பார்த்து உள்ளங்கையைச் சாய்த்தாள். தண்ணீர். ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிட்டேன்.

அப்படித்தான் பழைய பாஷை திரும்பி வந்தது. தண்ணீர், நிறுத்து, ஓடட்டும், ஒயரை எடு. தரை தேய்க்க அது போதும். ஒரு மனுஷிக்கு அது போதுமா? ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ஏதோ நினைப்பாள், கை எழும், எந்தச் சைகையும் பொருந்தாமல் மறுபடி மடியில் விழும்.

ஒரு மத்தியானம் மகள் என் போனை எடுத்தாள். "அம்மா கொரலு கேக்கலாமா?" என்று கேட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் எதிரில் நாற்காலியில்.

முதலில் ஆட்டோச் சத்தம். பிறகு என் குரல். மகள் விரலால் கொஞ்சம் முன்னால் தள்ளினாள். என் குரல். இன்னும் தள்ளினாள். விதான சௌதாக் கல். தள்ளினாள். மெட்ரோ ஸ்டேஷன் தரை. தள்ளினாள். ராஜஸ்தானிலிருந்து மார்பிள் எப்படி லாரியில் வரும், எந்தத் தரையை எந்த நம்பர் தேய்ப்புக் கல்லால் தேய்க்க வேண்டும், கடைசியில் எந்தப் பவுடர் போட வேண்டும். நடுவில் எப்போதாவது ஒரு குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. "ஆமா." "உம்." "பாத்து, படி இருக்குது." "நல்லா முழுங்கு, பொற ஏறப் போவுது."

மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நைனா" என்றாள். அவ்வளவுதான். செருப்பால் அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

தள்ளிக்கொண்டே போனதில் பாறை வந்தது. என் குரல் தேய்ந்து கீழே போனது. காற்று. ஒரு தெரியாத பெண்ணின் குரல், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் போலிருக்கிறது.

"நாங்க தொம்மலூரும்மா. யாரு அது, உங்க வூட்டுக்காரரா? படி ஏறும்போதும் பேசிகினே வந்தாரே."

என் மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. "மெஷினாச்சும் கரண்டு போனா நிக்கும். இவரு நிக்க மாட்டாரு." புண்ணோடு பேசியதால் சொற்கள் கொஞ்சம் குழைந்து வந்தன. "நாளைக்கி எனக்கு நாக்க எடுக்கறாங்கம்மா."

"அய்யய்யோ, இன்னாம்மா சொல்றீங்க?"

"ஆமாம்மா. அதக் கேட்டதுலருந்து இவரு சும்மாவே இல்ல. சும்மா இருந்தா அழுதுடுவாரு. அதான் பேசட்டும்னு வுட்டுட்டேன்."

அந்தப் பெண் உச்சுக் கொட்டினாள்.

"இன்னா சாப்புட ஆச உங்களுக்கு?" என்றாள் அந்தப் பெண்.

"நேத்து வழியில மசால் தோச வாசன வந்துச்சி. ஆற வெச்சி, உள்ள இருக்கற கெழங்க மட்டுமாவது துன்னலாம்னு நெனச்சேன். இவரு பெரிய ஓட்டல்ல சொல்லி வெச்சிருந்தாரு. மொகத்தப் பாத்தேன், அம்மாம் சந்தோசமா இருந்துச்சி. சரின்னு போய்ட்டேன். அந்த ஓட்டலு தரைக்கி நாந்தாம்மா தண்ணி ஊத்தினேன். ரெண்டு மாசமும். எம் பொண்ணு அப்ப வயித்துல ஆறு மாசம். அங்க இருந்த ஆளுகிட்ட அதையும் சொல்வாருன்னு பாத்தேன். சொல்லல."

"மறந்திருப்பாரு."

"மறந்துதான் பூட்டாரு. பரவால்ல. உங்களுக்கு எத்தினி பசங்க?"

அதற்குப் பிறகு அந்தப் பெண்ணின் பிள்ளைகள், தொம்மலூரில் தண்ணீர் வராதது, சீமைக் கத்தரிக்காய்க் கூட்டுக்குத் தேங்காயை எப்போது அரைத்துப் போட வேண்டும் என்பது. என் மனைவி நிறுத்தாமல் பேசினாள். யாரும் குறுக்கே வரவில்லை. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை அம்மாவின் காதுக்குப் பக்கத்தில் பிடித்தாள். படுக்கையில் இருந்தவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். உதடு அசைந்தது, கூடவே சொல்லுகிற மாதிரி.

பிறகு மூச்சிரைக்க என் குரல். "இந்தா, சூடா. எலுமிச்சம்பழத்துல மொளகாத்தூள தொட்டு நல்லா தேய்க்கச் சொன்னேன். துன்னு பாரு."

சோளத்தைக் கடிக்கிற சத்தம். அதையடுத்து, பல்லிடுக்கில் காற்றை இழுக்கிற சத்தம். ஸ்ஸ். நீளமாக. மறுபடியும் ஒரு தடவை.

"எப்டி இருக்குது?"

"நல்லா இருக்குதுய்யா."

அன்றைக்குப் பாறை மேல் எனக்கு அந்த ஸ்ஸ் கேட்கவில்லை. காது மந்தம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். போனில் எனக்கு நன்றாகவே கேட்டது.

எழுந்து போய் அதை நிறுத்தப் போனேன். மகளும், "இரு நைனா, அம்மா பேசறத மட்டும் தனியா வெட்டி வெச்சிடறேன், பாறையில பேசனது மட்டும் போதும்" என்றாள். "வெட்டிடும்மா, என் கொரலு ஒன்னுகூட இருக்கக் கூடாது" என்றேன்.

படுக்கையிலிருந்து கை எழுந்தது. ஒற்றை விரல். மெதுவாக ஒரு சுற்று, இன்னொரு சுற்று. ஓடட்டும், நிறுத்தாதே.

நான் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். போனுக்குள் என் குரல் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தது, அதோ தெரியுதே அந்தக் கட்டடம் என்று. அவள் அதையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

இதை நான் எழுத்துக் கூட்டி எழுத, மகள் பிழை திருத்துகிறாள். முதல் பத்தியில் ‘என் வேலை’ என்று எழுதியிருந்த இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அது அப்படியே இருக்கட்டும் என்றேன். என் மனைவி அதை அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தாள், இத்தனை வருஷமும். கடைசியில் மட்டும் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். அந்த ஹோட்டல் தரைக்குத் தண்ணீர் ஊற்றியது அவள். அது கருகாமல் இருப்பது அதனால்தான்.